உஷப்தியின் காலடியில் ஓர் எண்

கேள்வி: லண்டனில் வசிக்கிறேன். நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறு நகரத்து ஏலத்தில் 900 பவுண்டுக்கு ஓர் எகிப்திய உஷப்தி (இறந்தவரோடு கல்லறையில் வைக்கும் சிறு பொம்மை) வாங்கினேன். 11 செ.மீ. உயரம், வெளிர்பச்சை, தாடி உண்டு, முதுகில் தூண் போல ஒரு பட்டை. பாதத்தின் பின்பக்கம் கறுப்பு மையில் ஓர் எழுத்தும் இரண்டிலக்க எண்ணும் இருக்கின்றன. கூட வந்த அட்டைப்பெட்டியில் பழைய கையெழுத்தில் ‘அபிடோஸ், 1902’ என்றிருக்கிறது. ஏல ரசீதைத் தவிர வேறு காகிதம் இல்லை. இப்போது வேறோர் ஏல நிறுவனம் மூன்று மடங்கு விலை போகும் என்கிறது. நண்பரோ, எகிப்து கேட்டால் கொடுத்துத்தான் ஆகவேண்டும் என்கிறார். இது எனக்குச் சொந்தமா? சென்னைக்கு எடுத்துச் செல்லலாமா? இன்னொரு சந்தேகம்: எகிப்தில் தமிழ் எழுத்துள்ள பானை ஓடுகள் கிடைத்ததாகப் படித்தேன். அப்படியொன்று விலைக்கு வந்தால் வாங்கலாமா? — ஹாரோ வாசகர்

பதில்: முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த மை எண்ணில் தண்ணீர், சோப்பு, நகப்பூச்சு நீக்கி எதுவும் பட விடாதீர்கள். விற்பனைக்குக் கொடுத்தால் ‘கறை’ என்று நினைத்து யாராவது துடைத்துவிடக்கூடும். உங்கள் கையில் இருப்பவற்றிலேயே விலைமதிப்பற்றது அந்த எண்தான். பொம்மைகூட அதற்கு அடுத்ததுதான்.

ஊரில் நிலம் வாங்கும்போது தாய்ப்பத்திரம் எங்கே என்று கேட்கிறோம். எகிப்தியப் பழம்பொருளிலும் அதே கேள்விதான். மண்ணிலிருந்து எப்போது வந்தது, எகிப்தை விட்டு எப்போது போனது, இரண்டுக்கும் யார் அனுமதி கொடுத்தார்கள்? பொருள் எத்தனை ஆயிரம் ஆண்டுப் பழையது என்பதை வைத்து நீதிமன்றங்கள் இந்த வழக்குகளைத் தீர்ப்பதில்லை. கடைசி நூற்றைம்பது ஆண்டுக் காகிதங்களை வைத்துத்தான் தீர்க்கின்றன.

பழம்பொருள் வெளியே போவதற்கு எகிப்தில் 1835-இலேயே முகமது அலி தடை போட்டார். ஆனால் அது பெயரளவுக்கே நடந்தது. 1891 ஆணைக்குப் பிறகு முறையான பங்கீடு வந்தது. தோண்டி எடுத்ததெல்லாம் முதலில் அரசின் தொல்பொருள் துறை பார்வைக்குப் போகும். துறை தன் பங்கை எடுத்துக்கொண்டு, மீதியை அகழாய்வாளருக்கு விடும். 1912-இன் 14-ஆம் எண் சட்டம் இதை இறுக்கியது. மண்ணில் இருப்பதெல்லாம் அரசுச் சொத்து, வணிகருக்கு உரிமம் வேண்டும், ஏற்றுமதிக்கு அனுமதி வேண்டும் என்றாயிற்று. 1951-இன் 215-ஆம் எண் சட்டத்திலும் உரிமம் பெற்ற வணிகம் தொடர்ந்தது. கெய்ரோ அருங்காட்சியகமே 1979 வரை தன் விற்பனை அறையில் பழம்பொருள்களை விற்றது. இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. 1983-இன் 117-ஆம் எண் சட்டம்தான் வணிகத்தை முழுதாக மூடியது. அதற்குப் பிறகும் வெளிநாட்டுக் குழுக்களுக்கு, அரசிடம் ஏற்கனவே உள்ளவற்றை ஒத்த பொருள்களில் 10 விழுக்காடு வரை கொடுக்க இடம் இருந்தது. 2010 திருத்தம் அதையும் எடுத்துவிட்டது.

ஆகவே 1902-இல் முறைப்படி பங்கீட்டில் வெளிவந்த பொருள் என்றால், இன்றைய எகிப்தியச் சட்டம் அதைப் பின்னோக்கிப் போய்ப் பிடிக்காது. 1983-க்குப் பின் தோண்டிக் கடத்தியது என்றால் அது திருட்டுச் சொத்து. லண்டன் நீதிமன்றமும் அப்படித்தான் பார்க்கும். 2007-இல் ஈரான் அரசு ஒரு லண்டன் கலைக்கூடத்தின் மேல் தொடர்ந்த வழக்கில், பழம்பொருள் அரசுக்குச் சொந்தம் என்னும் வெளிநாட்டுச் சட்டத்தை ஆங்கில மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அந்த வழி எகிப்துக்கும் திறந்திருக்கிறது.

உங்கள் பெட்டி ‘அபிடோஸ், 1902’ என்கிறது. காலம் பொருந்துகிறது. 1899 முதல் 1903 வரை எகிப்து அகழாய்வு நிதியத்துக்காக பிரிட்டிஷ் தொல்லியலாளர் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி, எகிப்தின் பழைய புதைகுழித் தலமான அபிடோஸில் தோண்டினார். 1882-இல் தொடங்கிய அந்த நிதியம்தான் 1919-இல் எகிப்து அகழாய்வுச் சங்கம் ஆனது. அப்போது தொல்பொருள் துறைத் தலைவர் காஸ்டன் மாஸ்பெரோ. பங்கீட்டில் கிடைத்ததை நிதியம், பணம் கொடுத்த அருங்காட்சியகங்களுக்கும் பள்ளிகளுக்கும் சங்கங்களுக்கும் பிரித்து அனுப்பியது. பெட்ரியின் ஆட்கள் கல்லறை எண்ணைப் பொருளின் மேலேயே கறுப்பு மையில் எழுதுவார்கள். உங்கள் பொம்மையின் காலடியில் இருப்பது அந்த வகைக் குறியாக இருக்கலாம்.

‘இருக்கலாம்’ என்றுதான் சொல்கிறேன். பெட்டி வேறு, பொம்மை வேறாக இருக்க வாய்ப்புண்டு. பழைய பெட்டிகளும் பழைய சீட்டுகளும் தனியாகவே கைமாறுகின்றன. மை எண்ணையும் புதிதாக எழுதலாம். சோதிக்க ஒரு வழி இருக்கிறது. முதுகில் தூண் இருப்பதாகச் சொல்கிறீர்கள். காலடியில் சதுரப் பீடமும் இருந்தால், தாடியோடு சேர்த்துப் பார்க்கும்போது அது பெரும்பாலும் 26-ஆம் வம்சமோ அதற்குப் பிந்தியதோ ஆகும். அதாவது கி.மு. 664-க்குப் பின். அபிடோஸிலோ முதல் வம்ச அரசர் கல்லறைகள் முதல் கடைசிக் காலப் புதைகுழிகள் வரை எல்லாம் இருக்கின்றன. அகழாய்வு அறிக்கையில் அந்த எழுத்து-எண் எந்தக் கல்லறை என்று பாருங்கள். பிற்காலக் கல்லறை என்றால் நல்லது. முதல் வம்சக் கல்லறை என்றால் எண்ணும் பொம்மையும் ஒன்றுக்கொன்று சேராது. உஷப்தி என்ற வழக்கமே அதற்குப் பல நூற்றாண்டு கழித்துத்தான் வந்தது.

இந்தச் சோதனையில் தேறினால் அடுத்த படி காப்பகம். எகிப்து அகழாய்வுச் சங்கத்தின் ஆவணக் காப்பகம் லண்டனிலேயே இருக்கிறது. எந்தப் பருவத்தில் எந்த ஊருக்கு என்ன போனது என்ற பங்கீட்டுப் பட்டியல்கள் அங்கே உள்ளன. பெட்ரியின் களக் குறிப்பேடுகள் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் பெட்ரி அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஆக்ஸ்ஃபோர்டின் கிரிஃபித் நிறுவனமும் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியும் சேர்ந்து, பிரிட்டிஷ் அகழாய்வுப் பொருள்கள் எங்கெங்கே போயின, அவற்றின் மேல் என்னென்ன குறிகள் இருந்தன என்பதை இணையத்தில் தொகுத்திருக்கின்றன. உங்கள் குறியை அங்கே நீங்களே ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இங்கேதான் உங்கள் நண்பர் நினைக்காத ஒரு சிக்கல் வருகிறது. பட்டியலில் அந்தக் கல்லறைப் பொருள்கள் ஏதோ ஓர் ஆங்கில நகரத்து அருங்காட்சியகத்துக்கோ பள்ளிக்கோ போனதாக இருந்தால், அது அங்கிருந்து எப்படி வெளியே வந்தது? அவர்களே விற்றார்களா, யாராவது எடுத்துச் சென்றார்களா? முறையாக விற்றிருந்தால் உங்கள் உரிமை உறுதி. திருடுபோயிருந்தால் அதைக் கேட்டு வரப்போகிறவர் கெய்ரோவிலிருந்து வரமாட்டார், இங்கிலாந்திலிருந்தே வருவார். 1902 சீட்டோடு வரும் பொருளுக்கு எகிப்தைவிட இதுவே அதிக வாய்ப்புள்ள உரிமைப் பிரச்சினை.

ஆங்கிலச் சட்டத்தில் திருடனால் உரிமையை மாற்றித் தர முடியாது. ஆனால் 1980-இன் காலவரம்புச் சட்டப்படி, திருட்டுக்குப் பின் நல்லெண்ணத்தோடு வாங்கிய முதல் ஆளிடமிருந்து ஆறு ஆண்டு கழிந்தால் பழைய உரிமையாளரின் உரிமை அற்றுப்போகும். நீங்கள் வாங்கி நான்கு ஆண்டுதான் ஆகிறது. உங்களுக்கு முன்பே நல்லெண்ணத்தோடு வாங்கியவர் இருந்தால் கணக்கு அவரிடமிருந்து ஓடும். அதை நிரூபிக்கவும் காகிதம் வேண்டும். இன்னும் இரண்டு ஆண்டு வாயை மூடிக்கொண்டிருக்கலாமா என்று கேட்காதீர்கள். ஒரு சிறு அருங்காட்சியகம் இழந்ததைத் தெரிந்தே ஒளித்து வைப்பது சரியென்று நான் சொல்லமாட்டேன். தவிர, நாட்டுக்கு நாடு காலவரம்பு மாறும். இங்கே தப்பிய பொருள் நியூயார்க்கில் மாட்டும்.

பழைய சீட்டை ஏன் இவ்வளவு சந்தேகிக்கிறேன் என்று தோன்றலாம். 1990-களின் தொடக்கத்தில் ஜானதன் டோக்லி-பாரி என்ற ஆங்கிலேயர் எகிப்திலிருந்து சிற்பங்களைக் கடத்தினார். பண்டைய எகிப்திய மன்னர் மூன்றாம் அமென்ஹோடெப்பின் சிலைத் தலை ஒன்றைப் பிளாஸ்டிக் திரவத்தில் மூழ்க வைத்து, மேலே வண்ணமடித்து, கடைவீதி நினைவுப்பொருள் போலாக்கி வெளியே கொண்டுவந்தார். நியூயார்க் வணிகர் ஃபிரெடெரிக் ஷுல்ட்ஸும் அவரும் சேர்ந்து 1920-களின் ‘தாமஸ் ஆல்காக் சேகரிப்பு’ என்ற ஒன்றை முழுக்க முழுக்க இட்டுக்கட்டினார்கள். சீட்டுகளுக்குத் தேநீர்க் கறை ஏற்றிப் பழசாக்கினார்கள். 2002-இல் ஷுல்ட்ஸுக்கு 33 மாதச் சிறை கிடைத்தது. 2003-இல் மேல்முறையீட்டிலும் அது நின்றது. 1983 சட்டப்படி அந்தச் சிற்பங்கள் எகிப்து அரசின் சொத்து, ஆகவே அவை அமெரிக்காவிலும் திருட்டுச் சொத்தே என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

அதைவிடச் சமீபத்தியது நெட்ஜெமாங்க் என்ற பண்டைய எகிப்தியப் பூசாரியின் பொன் சவப்பெட்டி. 2017-இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 35 லட்சம் யூரோ கொடுத்து வாங்கியது. கூடவே 1971-ஆம் ஆண்டு ஏற்றுமதி உரிமம் ஒன்றும் வந்தது. அதன் முத்திரையில் ‘எகிப்து அரபுக் குடியரசு’ என்றிருந்தது. உரிமத்தின் தேதியோ மே 1971. அந்தப் பெயர் செப்டம்பர் 1971-இல்தான் வந்தது, அதுவரை நாடு ‘ஐக்கிய அரபுக் குடியரசு’. சவப்பெட்டி 2011 கலவரக் காலத்தில் கொள்ளைபோனது என்று தெரிந்து, 2019-இல் எகிப்துக்குத் திரும்பியது. இத்தனை வல்லுநர்கள் உள்ள இடத்திலேயே இது நடந்தது. ஆகவே எந்த எகிப்தியக் காகிதம் கையில் வந்தாலும் முதலில் நாட்டின் பெயரையும் தேதியையும் ஒத்துப் பாருங்கள். ‘போரின்போது எகிப்தில் வேலை பார்த்த மாமா கொண்டுவந்தது’ என்ற வாய்மொழிக்கும் இதே மரியாதைதான். படைப்பிரிவுப் பதிவு, கடிதம், பழைய புகைப்படம், ஏதாவது ஒன்று இல்லாமல் அதை ஏற்கக்கூடாது.

ஏல நிறுவனம் ‘தொலைந்த கலைப்பொருள் பதிவேட்டில் சரிபார்த்தாயிற்று’ என்று ஒரு சான்று காட்டலாம். அது வில்லங்கச் சான்றிதழ் மாதிரி. பதிவான வில்லங்கம் இல்லை என்பதை மட்டுமே சொல்லும். நேற்றிரவு திருட்டுக்குழியிலிருந்து எடுத்த பொருள் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது, அது இருப்பதே யாருக்கும் தெரியாது. சான்று வேண்டாம் என்று சொல்லவில்லை, அதை மட்டும் நம்பாதீர்கள்.

எகிப்து கேட்க முடியுமா என்றால், யாரும் கேட்கலாம். கேட்டது கிடைப்பதற்குத்தான் காகிதம் வேண்டும். எகிப்திய அரசி நெஃபெர்டிட்டியின் தலைச்சிற்பத்தைப் பாருங்கள். 1912 டிசம்பர் 6-இல் அமர்னாவில் ஜெர்மன் தொல்லியலாளர் லுட்விக் போர்ஷார்ட் கண்டெடுத்தார். 1913 ஜனவரி 20-இல் பங்கீடு நடந்தது. எகிப்தியத் துறையின் சார்பில் வந்தவர் குஸ்தாவ் லெஃபெவ்ர், பிரெஞ்சுக்காரர். சிலை பெர்லின் போயிற்று. 1924-இல் மக்கள் பார்வைக்கு வந்ததும் எகிப்து கேட்கத் தொடங்கியது, இன்றும் கேட்கிறது. ஜெர்மனியின் பதில், பங்கீட்டில் கையெழுத்து இருக்கிறது என்பது. எகிப்தின் வாதம், சிலையின் உண்மையான மதிப்பு மறைக்கப்பட்டது என்பது. பங்கீட்டின்போது உடனிருந்த ஜெர்மன் கீழைநாட்டுச் சங்கச் செயலர் 1924-இல் எழுதிய குறிப்பு ஒன்று 2009-இல் வெளியே வந்தது. சுண்ணாம்புக்கல்லில் செய்த அந்தச் சிலை வெறும் ‘ஜிப்சம்’ என்று சொல்லப்பட்டது என்றும், போர்ஷார்ட் அதைத் தங்கள் பக்கம் வைத்துக்கொள்ள விரும்பினார் என்றும் அதில் இருக்கிறது. கையெழுத்து இருந்தால் மட்டும் நியாயம் முடிந்துவிடாது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி இல்லை. அந்தப் பங்கீடுகள் நடந்தது பிரிட்டிஷ் ஆக்கிரமிப்பில் இருந்த நாட்டில். மேசையின் இரண்டு பக்கமும் ஐரோப்பியர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

கேட்டும் கிடைக்காமல் போனது கா-நெஃபெர்-நெஃபெர் என்ற எகிப்தியப் பெண்ணின் மம்மி முகமூடி. 1952-இல் சக்காராவில் முகமது ஜகாரியா கொனெய்ம் எடுத்து, பதிவேட்டில் ஏற்றியது. 1966-இல் கெய்ரோவுக்கு அனுப்பப் பெட்டியில் கட்டினார்கள். 1973-இல் சரிபார்த்தபோது காணவில்லை. 1998-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் கலை அருங்காட்சியகம் 4,99,000 டாலருக்கு வாங்கியது. இவ்வளவு பதிவு இருந்தும், அதை எகிப்துக்கு மீட்டுத் தர அமெரிக்க அரசு தொடர்ந்த வழக்கு தோற்றது. திருட்டு எப்படி நடந்தது என்பதை மனுவில் போதிய விவரத்தோடு சொல்லவில்லை, திருத்த அனுமதி கேட்டதும் காலம் கடந்த பின். 2014-இல் மேல்முறையீடும் போயிற்று. முகமூடி அங்கேயே இருக்கிறது.

இதற்கு நேரெதிர், துத்தன்காமன் கல்லறை. அந்த உரிமத்தின்படி, சேதமில்லாமல் கிடைக்கும் அரச கல்லறை முழுதும் அரசுக்கு. முடிவில் பங்கீடே நடக்கவில்லை. அகழாய்வுக்குப் பணம் போட்ட கார்னார்வன் குடும்பத்துக்கு 1930-இல் சுமார் 36 ஆயிரம் பவுண்டு இழப்பீடு மட்டும் கிடைத்தது. ஆகவே அந்தக் கல்லறைப் பொருள் எதுவும் வெளிநாட்டில் நியாயமாக இருக்க வழியே இல்லை. தன்னிடம் அப்படி 19 சிறு பொருள்கள் இருப்பதை உணர்ந்த மெட்ரோபாலிட்டன் 2010-இல் அவற்றைத் திருப்பித் தருவதாக அறிவித்தது. நல்ல செயல். உங்கள் உஷப்தி இந்த வகையில் இல்லை.

சென்னைக்கு எடுத்துப் போவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். பிரிட்டனை விட்டுக் கிளம்பும் முன் ஏற்றுமதி உரிமம் தேவையா என்று இங்கிலாந்துக் கலைக் கழகத்தின் உரிமப் பிரிவில் எழுத்தில் கேட்க வேண்டும். சென்னைச் சுங்கத்தில் மதிப்பையும் வயதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதையெல்லாம் தாண்டினாலும், இந்தியாவின் 1972 பழம்பொருள் சட்டம் நூறாண்டுக்கு மேற்பட்ட சிற்பத்தைத் தனியார் நாட்டை விட்டு அனுப்ப விடாது. உள்ளே போனது திரும்பி வராது என்று வைத்துக்கொள்ளுங்கள். வழியில் ஐரோப்பிய ஒன்றிய நாடு ஒன்றில் பொருளை இறக்கிவைக்கும் எண்ணமும் வேண்டாம். 250 ஆண்டுக்கு மேற்பட்ட தொல்பொருளுக்கு அங்கே 2025 ஜூன் 28 முதல் இறக்குமதி உரிமம் கட்டாயம். காற்றீரமும் ஒரு காரணம். இத்தகைய பொம்மைகள் பெரும்பாலும் ஃபயான்ஸ், அதாவது கல்தூளைப் பிசைந்து மெருகேறச் சுட்டது. பாலைவன மண்ணில் கிடந்த ஃபயான்ஸின் உள்ளே உப்பு இருக்கும். சென்னையில் ஈரம் ஏறி இறங்கும்போது அது மேலே வந்து வெள்ளையாகப் பூத்து, மெருகைத் தோலாக உரிக்கும். லண்டனிலும் சமையலறைக்கும் குளியலறைக்கும் அருகில் வைக்காமல், மூடிய பெட்டியில் சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள்.

விற்பதைப் பற்றி: காகிதம் தேறாத நிலையில் விற்றால், 2003-இன் பிரிட்டிஷ் சட்டத்தை நினைவில் வையுங்கள். அந்த ஆண்டு இறுதிக்குப் பின் முறைகேடாகத் தோண்டிய பொருள் என்று தெரிந்தோ நம்பியோ கைமாற்றினால் ஏழு ஆண்டு வரை சிறை. சந்தேகம் வந்த பின் ‘எனக்குத் தெரியாது’ என்ற வாதம் மெலிந்துவிடும். காகிதம் தேறினாலும் ஒரு சொல். 1913-14-இல் எகிப்தின் ஹராகேயில் 124-ஆம் கல்லறையிலிருந்து எடுத்த அணிகலன்களும் கலங்களும் பங்கீட்டில் முறைப்படி செயின்ட் லூயிஸின் ஒரு தொல்லியல் சங்கத்துக்குக் கிடைத்தன. 2014-இல் அதே சங்கம் அவற்றை லண்டன் ஏலத்தில் போட்டது. சட்டப்படி தடையில்லை. ஆனால் பொதுமக்கள் பார்வைக்கும் ஆய்வுக்கும் என்று கொடுத்ததைக் காசாக்குவதா என்று தொல்லியலாளர்கள் கொதித்தார்கள். கடைசியில் ஏலத்துக்கு முன்பே மெட்ரோபாலிட்டன் வாங்கியதால் தொகுதி சிதறாமல் தப்பியது. உங்கள் பொம்மைக்கும் ஒரு கல்லறைக் குடும்பம் இருக்கிறது. அதன் கூடப்பிறந்தவை எந்த அருங்காட்சியகத்தில் இருக்கின்றன என்று தெரிந்தால், ஏலத்துக்கு முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்பதே என் ஆலோசனை.

பானை ஓடு விஷயம். செங்கடல் கரையில் குசெய்ர் அல்-கதீமில் ‘பானை ஒறி’, ‘கணன்’, ‘சாதன்’ என்றும், பெரெனிகேயில் கொற்றன் பெயரோடும் தமிழ்-பிராமி பொறித்த ஓடுகள் கிடைத்திருப்பது உண்மை. நமக்கு நெஞ்சு நிறையும் செய்திதான். ஆனால் உரிமையை எழுத்து தீர்மானிப்பதில்லை, மண் தீர்மானிக்கிறது. எகிப்திய மண்ணில் கிடைத்தது எகிப்துக்கே. விலைக்கு வந்தால் தொடாதீர்கள். எந்த அடுக்கில், எந்த நாணயத்தோடு, எந்த மிளகோடு கிடந்தது என்பதுதான் அந்த ஓட்டைச் சாட்சியாக்குகிறது. அடுக்கிலிருந்து பிடுங்கி வந்த ஓட்டில் நம் எழுத்து இருக்கும், நம் வணிகரைப் பற்றி அது எதுவும் சொல்லாது. ஓர் ஓட்டுக்கு விலை கிடைக்கிறது என்று தெரிந்தால் பத்துக் குழி தோண்டவும் ஆள் வரும்.

இந்த வாரம் செய்யவேண்டியது: பகல் வெளிச்சத்தில் முன், பின், இரு பக்கம், அடிப்பாகம் என ஐந்து படங்கள், பக்கத்தில் மில்லிமீட்டர் அளவுகோலோடு. மை எண்ணுக்கு மட்டும் நெருக்கமாக ஒரு படம், விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து. பெட்டியின் கையெழுத்துக்கு ஒன்று. இவற்றோடு உயரம், அகலம், எடை, ஏலத் தேதி, ஏலப் பட்டியல் எண் எல்லாம் எழுதி எகிப்து அகழாய்வுச் சங்கத்தின் காப்பகத்துக்கு அனுப்புங்கள். அதே நாளில், உங்களுக்கு விற்ற ஏல நிறுவனத்துக்கும் ஒரு கடிதம். விற்கக் கொடுத்தவர் பெயரை அவர்கள் தரமாட்டார்கள். ஆனால் உங்கள் கேள்விகளை அவருக்கு அனுப்பி வைக்கச் சொல்லலாம்: எப்போது, யாரிடமிருந்து, வீட்டில் வேறு பொருளோ பழைய படமோ உண்டா? பதில்கள் வரும்வரை மூன்று மடங்கு சொன்னவரைக் காத்திருக்கச் சொல்லுங்கள். அவர் காத்திருக்க மறுத்தால் அவரிடம் கொடுக்காதீர்கள். பட்டியலில் ஓர் அருங்காட்சியகத்தின் பெயர் வந்தால், அவர்களுக்கு எழுதும் முன் கலைப்பொருள் சட்டம் தெரிந்த சொலிசிட்டர் ஒருவரிடம் ஒரு மணி நேரம் உட்காருங்கள்.